மர்மத் தலைவனை வீட்டிலிருந்தே பிடிப்பது எப்படி?

முதலில் உங்களுக்கு ஒரு தொடர் வேண்டும். எல்லோரும் பயப்படுகிற, யாரும் பார்த்திராத ஒரு தலைவன் அதில் இருக்க வேண்டும். பயிற்சிக்கு பிபிசியின் ‘லைன் ஆஃப் டியூட்டி’யை எடுத்துக்கொள்வோம். 2012இலிருந்து 2021 வரை ஆறு சீசன். ஊழல் போலீஸ்காரர்களைப் பிடிப்பதற்கென்றே ஏசி-12 என்று ஒரு பிரிவு. போலீசுக்குள் உட்கார்ந்துகொண்டே ரவுடிக் கும்பலை ஆட்டுவிக்கும் பெரும்புள்ளி ஒருவன், அடையாளம் ‘எச்’ என்ற ஒற்றை எழுத்து. முடிவு தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வாருங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் எச் எழுத்தில் தொடங்கும் பெயர்களை எழுதுங்கள். மூன்றாம் சீசன் முடிவில் டாட் காட்டன் என்ற கறுப்பு ஆடு குண்டடிபட்டுச் சாகிறார். அவருடைய மரண வாக்குமூலத்தைத் தோண்டித் துருவியதில் தேறியது அந்த ஒரு எழுத்துதான். ஏசி-12இன் தலைவர் ஹேஸ்டிங்ஸ். அசிஸ்டன்ட் சீஃப் கான்ஸ்டபிள் என்ற உயர் பதவியில் ஹில்டன். நான்காம் சீசனில் ஹண்ட்லி. பிறகு ஹார்கிரீவ்ஸ். ஒரே இலாகாவில் இத்தனை எச் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். தொடரை எழுதிய ஜெட் மெர்குரியோ முன்பு ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவர். யாருக்கு எத்தனை டோஸ் தாங்கும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்து, இருப்பவர்களிலேயே நல்லவர் யாரோ அவரைச் சந்தேகியுங்கள். இது மிக முக்கியம். ஹேஸ்டிங்ஸ் வட அயர்லாந்துக்காரர், வாயைத் திறந்தால் ஏசுவையும் மரியாளையும் கூப்பிடுவார், ஊழல் போலீஸ் என்றாலே அவருக்கு ரத்தம் கொதிக்கும். இப்படி ஒருவர் யோக்கியராக இருக்கவே முடியாது என்று முடிவுகட்டுங்கள். மெர்குரியோவும் உங்களுக்கு ஒத்தாசை செய்வார். ஐந்தாம் சீசனில் மனிதர் மனைவியைப் பிரிந்து ஓட்டலில் தங்கியிருக்கிறார், அறையில் 50,000 பவுண்டு ரொக்கம். போதாததற்குத் தன் லேப்டாப்பைத் தூள்தூளாக்கக் கொடுத்துவிட்டு வருகிறார். ஏன் என்று கேட்டால், ஆபாசப் படம் பார்த்தேன், அவமானமாக இருந்தது என்கிறார். நம்பாதீர்கள். ஒரு ரசிகன் ஏற்கக் கூடாத ஒரே விளக்கம், நடந்திருக்கக் கூடிய விளக்கம்தான்.

அதன் பிறகு கதையை விட்டுவிட்டு எழுத்துப்பிழையைப் பாருங்கள். கும்பலுக்குக் கணினி வழியே கட்டளையிடும் அந்த முகமில்லாத ஆசாமி ‘டெஃபினிட்லி’ என்ற சொல்லில் ஐ வர வேண்டிய இடத்தில் ஏ போட்டுவிடுகிறான். அவனைப் போல வேடமிட்டு ஹேஸ்டிங்ஸ் தட்டச்சு செய்யும்போதும் அதே பிழை! பிரிட்டனில் ரசிகர்கள் பழைய சீசன்களை எல்லாம் மறுபடி போட்டு, திரையில் ஒரு நொடி வந்துபோகும் காகிதங்களைக்கூட நிறுத்தி நிறுத்திப் படித்தார்கள். பள்ளிக்கூடத்தில் இந்த அக்கறை இருந்திருந்தால் அத்தனை பேரும் மொழிப் பேராசிரியர் ஆகியிருப்பார்கள்.

நடுவில் சறுக்கல்கள் வரும். அசரக் கூடாது. ஐந்தாம் சீசன் முடிவில் அந்த மரண வாக்குமூல வீடியோவை மறுபடி போட்டுப் பார்க்கிறார்கள். சாகிறவரின் கை நாலு முறை தட்டுகிறது. மோர்ஸ் தந்தி முறையில் நாலு புள்ளி என்றால் எச். ஆக அது பெயரின் முதலெழுத்தே இல்லை, நாலு பேர் என்று அர்த்தமாம். முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ‘நாலாவது ஆள்’ என்று புதுத் தலைப்புப் போடுங்கள். டாட், ஹில்டன், வக்கீல் ஜில் பிகெலோ என மூவர் கணக்கில் வந்துவிட்டார்கள், பாக்கி ஒருவர்தான். ஹேஸ்டிங்ஸை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள்.

நடிகரின் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவது இன்னொரு வழி. ஆறாம் சீசனில் மார்கஸ் தர்வெல் என்ற முன்னாள் அதிகாரியின் புகைப்படம் வருகிறது. படத்தில் இருப்பது ஜேம்ஸ் நெஸ்பிட். அவ்வளவு பெரிய நடிகரைப் போட்டோவுக்காகவா கூப்பிடுவார்கள்? இவன்தான் என்று ஊரே தீர்ப்பு எழுதியது. அடுத்த வாரமே தர்வெல் ஸ்பெயினில் பிணமாகக் கிடைத்தார். ஆமாம், போட்டோவுக்காகத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

துணைக்கு ஒலி நிகழ்ச்சிகளும் கேட்கலாம். பிபிசியே இந்தத் தொடரை அலச ஒரு பாட்காஸ்ட் நடத்தியது. தொகுத்து வழங்கியவர் கிரெய்க் பார்க்கின்சன், அதாவது டாட்டாக நடித்தவர். மரண வாக்குமூலம் கொடுத்த ஆளே வாரா வாரம் எழுந்து வந்து பேசியும் விஷயம் வெளியே வரவில்லை.

இனி 2021 மே 2, ஞாயிறு இரவு. 1 கோடியே 28 லட்சம் பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கண்ணாடி அறைக்குள் நாலாவது ஆளைக் கூட்டி வருகிறார்கள். இயன் பக்கல்ஸ்! முதல் சீசனிலிருந்தே வந்துபோகும் மந்தமான அதிகாரி, யார் கண்ணிலும் தங்காத ஆள். காட்டிக் கொடுத்ததும் அந்த ஏ எழுத்துதான். விசாரித்தால், ராஜதந்திரம் ஒன்றும் கிடையாது. வந்த உத்தரவைக் கும்பலுக்குக் கடத்தினார், காசு வாங்கினார், பதவி உயர்வு தானாக வந்தது. “இவனா?” என்று நாடே கோபப்பட்டது.

என்னைக் கேட்டால் அந்த முடிவில் பழுதில்லை. பெரிய ஊழல்கள் பலவற்றில் மகா மூளைக்காரன் யாரும் இருப்பதில்லை, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகிற ஒருவன்தான் இருப்பான். ஆனால் நோட்டு நோட்டாக எழுதியவரிடம் போய் இதைச் சொல்லாதீர்கள். அவருக்குத் தன் மூளைக்கு ஈடான எதிரி வேண்டும். எழுத்துக்கூட்டத் தெரியாதவனிடம் தோற்றேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வார்?

ஆகவே தோற்க வேண்டியதில்லை. பக்கல்ஸ் வெறும் திரை, அவருக்குப் பின்னால் ஐந்தாவது ஆள் இருக்கிறார் என்று மறுநாள் காலையே அறிவித்துவிடுங்கள். மீசையில் மண் ஒட்டாது. மேலதிகாரிகள் பலர் இன்னும் தண்டிக்கப்படாமல் நடமாடுவது உங்களுக்குச் சாதகம்.

2025 நவம்பரில் ஏழாவது சீசனையும் பிபிசி அறிவித்துவிட்டது. ஏசி-12க்குப் பெயர் மாற்றமாம், அதனால் நோட்டையும் புதிதாக வாங்கிவிடுங்கள். இந்த முறை எச் எழுத்தைத் தேட வேண்டாம், பெரிய நடிகரையும் தேட வேண்டாம். கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்துபோகிறவர் பெயரை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இப்படித்தான் குறிப்பீர்கள் என்று மெர்குரியோவுக்கும் தெரியும் என்பதால், பென்சிலில் எழுதுங்கள்.