கரிசல்காட்டு என்ஜின் நிபுணர்

எப்போதும்வென்றானில் இருந்துகொண்டு படகு விலை பேசப் போகிறவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் ஐப்பசி மழையை நம்பி விதைக்கிற கரிசல் பூமி இது. தூத்துக்குடிக் கடல் ஒரு பஸ் தூக்கத்துக்குள் வந்துவிடும் என்றாலும், நாங்கள் அந்தப் பக்கம் போவது ஆடி அமாவாசைக்குத்தான். “படகு வாங்கி எங்க விடப் போறீக, கம்மாயிலயா? அதுல இப்ப ஆடுல்லா மேயுது” என்றாள் வீட்டுக்காரி.

வாங்குவது நானில்லை, தருவைகுளத்திலிருக்கும் என் பள்ளித் தோழன். பழைய ஃபைபர் வள்ளம் ஒன்று என்ஜினோடு விலைக்கு வந்திருக்கிறது. அது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் கூட்டிவிட்டார்கள். அந்த இரண்டு மாதமும் நல்ல மெக்கானிக்குகள் எல்லாரும் ஏதாவது ஒரு விசைப்படகின் என்ஜினுக்குள் தலையை விட்டிருப்பார்கள். கூப்பிட்டால் கால் மட்டும்தான் தெரியும். வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டான்.

நான் என்ஜின் தெரிந்தவன் என்று அவன் நம்புவதற்கு ஒரு சரித்திரம் உண்டு. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அப்பா வாங்கிப் போட்ட ஐந்து குதிரைசக்தி பீட்டர் என்ஜின் இருந்தது. மேலே இருக்கும் லீவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். வேகம் ஏறியதும் லீவரை விட்டால் டப் டப்பென்று பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் ஹேண்டில் திருப்பி அடிக்கும். பள்ளி விடுமுறைகளில் அந்த அடியை வாங்கியவன் என்பதுதான் என் முழுத் தகுதி. 1990இல் விவசாயிகள் எல்லாருக்கும் மின்சாரம் இலவசமானபின் கரண்டு மோட்டார் வந்துவிட்டது. இப்போது பீட்டர் மேல் கோழி முட்டையிடுகிறது.

அதைவிட, எனக்கு ஆட்டுக்குப் பல் பார்க்கத் தெரியும். எட்டயபுரம் சந்தையில் வாயைப் பிளந்து வயது சொல்லிவிடுவேன். என்ஜினுக்கு வாயில்லாதது என் தவறா?

போனதும் சும்மா இருக்க முடியாதே. விற்பவரிடம் என்ஜினின் பூர்வீகத்தை எடுத்துவிட்டேன். ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் தன் என்ஜினை ஓட்டிக் காட்டியது, 1900 பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் என்ஜின் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடியது, எல்லாம் சொன்னேன். அந்த வழக்கம் நிலைத்திருந்தால் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குக் கடலை மிஞ்சியிருக்காது. 2020இல் வந்த புவிசார் குறியீடும் வந்திருக்காது என்று முடித்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, “இது டீசல்லதான் ஓடும் அண்ணாச்சி” என்றார்.

என்ஜின் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பச்சைப் பெயிண்டு பளபளவென்று மின்னியது. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. நான் கண்ணை மூடித் தலையை ஆட்டினேன். கச்சேரியில் ஆட்டுவதுபோல ஆட்டினால் எந்த இடத்திலும் விஷயம் தெரிந்தவனாகிவிடலாம்.

நல்லவேளையாகத் தோழன் கெஞ்சிக் கூட்டிவந்த மெக்கானிக் அந்நேரம் வந்து சேர்ந்தார். வந்ததும் என்ஜினை நிறுத்தச் சொன்னார். “நாங்க வாரதுக்கு முன்னாடியே ஒருக்க ஓட்டிட்டீகளோ?” என்று விற்பவரைக் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டார். சூடான என்ஜின் யார் வந்தாலும் ஸ்டார்ட் ஆகும். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்தது காலையில் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் கம்ப்ரஷன் தெரியும். மறுநாள் விடியலில் வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். அன்று இரவு நான் தோழன் வீட்டு விருந்தாளி. குழம்பு மீனைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம்.

விடிந்ததும் மெக்கானிக் முதலில் என்ஜினைத் தொட்டுப் பார்த்தார். ஆறியிருந்தது. ஆயில் குச்சியை உருவினார். ஆயில் வெளுத்துப் போயிருந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தமாம்; இதில் கறுப்பாகவே இருந்தது. பிறகு பாக்கெட்டிலிருந்து பிளேடை எடுத்து அந்தப் பச்சைப் பெயிண்டை ஓரிடத்தில் சுரண்டினார். கீழே குத்தியிருந்த என்ஜின் நம்பர் மெல்ல மெல்ல வெளியே வந்தது. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. பதிவுப் புத்தகத்து நம்பரோடு ஒத்துப்போனது. எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டு மூன்று முறை முக்கிவிட்டு ஸ்டார்ட் ஆனது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினார். அங்கிருந்து குப்குப்பென்று காற்று அடித்தது. ரிங்கைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்குகிற அடையாளம். அடுத்தது புகை. கறுப்பென்றால் டீசல் சரியாக எரியவில்லை, நாசிலையோ ஏர் ஃபில்டரையோ பார்த்தால் போதும். வெள்ளை, தொடங்கும்போது வந்து நின்றுவிட்டால் பயமில்லை. நீலமென்றால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. ரிங், லைனர் என்று கை நிறையச் செலவு. புகை வந்தால் என்ஜின் ஓடுகிறது என்ற அளவில் நின்றிருந்தது என் ஞானம்.

“கரையில கட்டிப் போட்டு ஓட்டுனா எல்லா என்ஜினும் நல்ல என்ஜின்தான் அண்ணாச்சி. பாரம் ஏறுனாத்தான் தெரியும்” என்று வெள்ளோட்டத்துக்கு எடுத்தார். நான் அணியத்தில் கம்பீரமாக உட்கார்ந்தேன். முழு வேகத்தில் அரை மணி நேரமாவது ஓட வேண்டுமாம். கடல்தண்ணீரை உறிஞ்சிக் குளிர்ந்துகொள்ளும் என்ஜின் அது. குழாய் வழியே வெளியே கொட்டும் தண்ணீர் மெலிந்தால் பம்பின் ரப்பர் இறக்கை தேய்ந்திருக்கும், அல்லது உள்ளே உப்பு அடைத்திருக்கும். அதையெல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடலை மட்டும் பார்த்தேன். வள்ளத்தின் விளிம்பில் கவிழ்ந்து கிடப்பவன் வேறு எதைப் பார்ப்பது? என்ஜினுக்கு முன்னால் என் வயிறு சூடேறிவிட்டது.

“என்னலே சொல்லுத?” என்று தோழன் கத்தினான்.

“வேண்டாம்லே, கரைக்கு விடச் சொல்லு!”

அதை அவன் என்ஜினைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டான். அந்நேரம் பார்த்து பின்னால் நீலப்புகை கோடு போட்டது. முகம் வெளிறி நான் சொன்ன விதத்தைப் பார்த்து விற்பவருக்கும் மனசு இறங்கிவிட்டது. கரைக்கு வந்ததும், ரிங்கும் லைனரும் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தார். தருவைகுளத்தில் இப்போது எனக்கு என்ஜின் விஷயத்தில் பெரிய பெயர்.

ஆகவே, பழைய படகு வாங்கப் போகிறவர்களே, விடியுமுன் போங்கள், என்ஜினைத் தொட்டுப் பாருங்கள், ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு கடலுக்குள் ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். என்னையும் கூப்பிடலாம். நம்பர் படிக்க வருவேன். வள்ளத்தில் ஏற மாட்டேன்.