தொண்ணூறாம் நாள் வைத்தியக்காரி

வாங்க மாப்ள, இப்படித் திண்ணையில குந்துங்க. விழுப்புரத்துல பஸ் ஏறி முகையூர்ல எறங்குறதுக்குள்ள பத்து தடவ போன் பண்ணிட்டீங்களாம், எம் பேத்தி பாப்பா சொல்லிச்சு. ‘இன்னும் அழுவுறானா, இன்னும் அழுவுறானா’ன்னு. அழுவுறான். பொறந்து முப்பத்தஞ்சு நாளு ஆவுது, அவனுக்குத் தெரிஞ்ச தொழிலே அது ஒண்ணுதான். நீங்களாச்சும் ஞாயித்துக்கெழம லீவு எடுக்குறீங்க, அவன் அதுவும் எடுக்குறதில்ல.

அந்தப் பைய இப்படிக் குடுங்க. என்னா, கல்லு மாதிரி கனக்குது? அட, கிரேப் வாட்டரு மூணு பாட்டிலு! பொறந்தது ஒத்தப் புள்ளதான மாப்ள? மிச்சம் ரெண்டு உங்களுக்கும் மாமாவுக்குமா?

ரொம்ப நாளு அத நான் திராட்சத் தண்ணின்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். அப்புறந்தான் தெரிஞ்சிது, வயித்து முறுக்கலுக்கு வெள்ளக்காரன் வெச்ச பேரு ‘கிரைப்’புன்னு. கையிலதான் செல்லு இருக்குதே, யாரு கண்டுபுடிச்சதுன்னு பாத்துப் படிங்க, கேக்குறேன். 1851... இங்கிலாந்துல நாட்டிங்காமு... வில்லியம் உட்வர்டு. சதுப்பு நெலத்துக் காச்சலுக்குக் குடுத்த மருந்துல புள்ளைங்க சமத்தா அடங்குதுங்கன்னு பாத்து, அந்த வழியில இவரு கலக்குனாராக்கும். என்னென்னா போட்டாராம்? சதகுப்ப எண்ணெ, சோடா உப்பு, சக்கர... அடுத்தது என்னா, ஏன் முழுங்குறீங்க? சாராயமா! நூத்துக்கு மூணே முக்காலு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. அதான பாத்தேன். எங்க ஊட்டுக் கெழவரு ராத்திரி பொலம்பாம தூங்குனதும் அதே மருந்துலதான். அவரு வாங்குன கடையில வேற பேரு சொன்னாங்க, அவ்வளவுதான்.

1992-லதான் அந்த ஊர்க்காரங்க அந்தச் சாராயத்த எடுத்தாங்களாம். நூத்து நாப்பது வருசம் புள்ளைங்க சந்தோசமா இருந்திருக்குதுங்க. பயப்படாதீங்க, உங்க பாட்டில்ல அது இல்ல. ஆனா ஊட்டுக்கு வர்ற நர்சம்மா என்னா சொல்லுது? ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர பச்சத் தண்ணிகூடக் காட்டாதேங்குது. இது பேருலயே தண்ணி இருக்குதே மாப்ள. மூணையும் பொறையில வைங்க, சொந்தக்காரங்க வந்தா வாங்கியாந்ததக் காட்டிக்கலாம்.

இப்ப ஒரு ரகசியம் சொல்றேன், பாப்பா காதுல விழாம கேளுங்க. இந்தத் தெருவுல கொடலு தட்டுறதுல என்ன அடிச்சிக்க ஆளு கெடையாது. திருக்கோவிலூருலேருந்துகூடப் புள்ளையத் தூக்கிக்கிட்டு வருவாங்க. மடியில போட்டு, உள்ளங்கையில வெளக்கெண்ணெ தொட்டு, தொப்புளச் சுத்தி ஒரு தடவு. ரெண்டு காலையும் சேத்துப் புடிச்சி பாதத்துல மூணு தட்டு. முடிஞ்சிது. ‘மூணு அமாவாச கழியட்டும்டி’ன்னு அனுப்பிடுவேன். மொத அமாவாசைக்கு அழுதுகிட்டு வருவா. ‘கொடலு ஏத்தம், பெரிய ஏத்தம்’பேன். ரெண்டாவதுக்கு வருவா, ‘பாதி எறங்கிடுச்சி, உனக்குத் தெரியல?’ம்பேன். மூணாவதுக்கு அவளே வெத்தல பாக்கு, வெடக்கோழியோட வந்து நிப்பா.

கைராசி இல்ல மாப்ள, கணக்கு. அமெரிக்காவுல மோரிஸ் வெஸ்ஸெல்னு ஒரு புள்ள டாக்டரு, 1954-லயே எழுதி வெச்சிட்டாராம், நல்லாப் பாலு குடிச்சி எட கூடுற புள்ள, ஒரு நாளைக்கு மூணு மணி நேரத்துக்கு மேல, வாரத்துல மூணு நாளுக்கு மேல, மூணு வாரத்துக்கு மேல அழுதா அதுக்கு ஒரு பேருன்னு. அவரும் மூணுலதான் வந்து நிக்கிறாரு, பாத்தீங்களா! இந்த அழுவ ரெண்டாவது வாரத்துல கெளம்பும், ஆறாவது வாரத்துல உச்சிக்குப் போவும், மூணு நாலு மாசத்துல தன்னால எறங்கிடும். அதுவும் பாருங்க, வெளக்கு வைக்கிற நேரமாப் பாத்துத்தான் ஆரம்பிக்கும். உங்க பையன் இப்ப ஏறிக்கிட்டு இருக்கான்.

அந்தத் தொண்ணூறாம் நாளு புள்ள யாரு கையில இருந்துதோ அவதான் வைத்தியக்காரி. பாட்டிலு ஊத்துனவ பாட்டிலுதான்னு சத்தியம் பண்ணுவா. தொக்கம் எடுத்தவ தொக்கம்பா. மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனவ மாதாம்பா. அந்தம்மா ஒருத்திதான் இத்தனையும் பாத்துக்கிட்டு வாயத் தொறக்காம நிக்கிறாங்க.

அப்ப ஒண்ணுமே பண்ண வேணாமான்னு கேக்குறீங்க. வேல இருக்குது. வயித்துல காத்து இருக்குறதாலதான் புள்ள அழுவுதுன்னு நீங்க நெனைக்கிறீங்க. வாயப் பொளந்து அழும்போதும் காத்து உள்ள போவுது. பாலு குடிக்கும்போதும் போவுது. வாய் சரியாப் பதிஞ்சா அதுவும் கொறையும். அது எப்படின்னு பாப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க ஒண்ணும் அங்க எட்டிப் பாக்க வேணாம். உங்க பங்கு அதுக்கப்புறம்.

தூக்குங்க. ஐயோ, கண்ணாடிப் பெட்டி மாதிரி புடிக்காதீங்க, அவன் ஒடைய மாட்டான். மடியில பக்கவாட்டுல குந்த வைங்க. எடது கையி நெஞ்சுக்கு. கட்ட வெரலும் ஆள்காட்டி வெரலும் தாடையத் தாங்கணும். தாடையத்தான், தொண்டைய இல்ல. ஒடம்பு முன்னால லேசாச் சாயட்டும். இப்ப வலது கையக் குழிச்சிக்கிட்டு இடுப்புலேருந்து மேல நோக்கித் தட்டுங்க. அது தட்டா? சப்பாத்தி மாவுல ஈ ஓட்டுற மாதிரி இருக்குது. கொஞ்சம் அழுத்தமா. வரலன்னா தோள்ல போடுங்க, அவன் வயிறு உங்க தோளு எலும்புல படுற மாதிரி. மொதல்ல ஒரு துணியப் போட்டுக்குங்க. வேணாமா? சரி, சட்ட உங்களது.

அதுக்கும் அடங்கலன்னா முழங்கையில குப்புறப் போட்டுக்கிட்டு வாசலுக்கும் கெணத்தடிக்குமா நடங்க. மல்லாத்திப் போட்டு ரெண்டு காலையும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி மடக்கி நீட்டுங்க. பர்ருன்னு ஒரு சத்தம் வரும், அன்னைக்குச் சம்பளம் வந்த மாதிரி இருக்கும். தூங்குனா மல்லாத்தித்தான் போடணும்.

ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிக்கிட்டு வருவாங்க. வசம்ப எடுத்துக்குங்க. பொழுது சாஞ்சா பேரச் சொல்ல மாட்டோம், கடையிலயே ‘பேர் சொல்லாதது குடு’ம்போம். புள்ள வளப்பான்னு இன்னொரு பேரு. வெளக்குல சுட்டுக் கல்லுல ஒரசி நானே எத்தன நாக்குல தடவியிருக்கேன். அத அமெரிக்காவுல 1968-லயே சாப்புடுற பொருள்ல சேக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்களாம். மொத தடவ நர்சம்மா சொன்னப்ப, ‘நாங்க வளக்கல?’ன்னு சண்டைக்குப் போனேன். வளத்தோம்தான். வளராமப் போன கணக்க அப்ப யாரு எழுதி வெச்சோம்? உள்ளுக்கு வேணாம் மாப்ள. தேனும் வேணாம், ஒரு வயசு ஆவுற வரைக்கும். மூக்குல எண்ணெ ஊதுறேன்னு எவளாச்சும் வந்தா என்னக் கூப்புடுங்க, நான் பேசிக்கிறேன். எண்ணெ நேரா நுரையீரலுக்குப் போயி சளியாக் கட்டிக்கும்.

சூடு வைக்கிறதுன்னு ஒண்ணு இருந்துது. மஞ்சளச் சுட்டு வயித்துல வைப்பாங்க. எங்கூடப் பொறந்தவ ஒருத்திக்கு அந்தத் தழும்பு சாவுற வரைக்கும் இருந்துது. அதுல எனக்கு நக்கலு வர மாட்டேங்குது.

இன்னொண்ணு. பாப்பாவுக்கு நீங்க ஆசையா வாங்கியாந்த வேர்க்கடல, அதான் எங்க மல்லாட்ட, அதத் தாராளமாத் திங்கட்டும். பெத்தவ மல்லாட்ட தின்னா புள்ளைக்கு வாயுன்னு என் மருமவளுக்கு நாப்பது நாளு மொளவு ரசமும் சோறும்தான் போட்டேன். அவளுக்கு ஆவாதுன்னு ஒதுக்கி வெச்ச மல்லாட்டையெல்லாம் எங்க போச்சுன்னு மட்டும் கேக்காதீங்க.

விளையாட்டு போதும், இது மட்டும் நெஜம். புள்ள பச்சையா வாந்தி எடுத்தாலோ, வெளிக்கி ரத்தமாப் போனாலோ, வயிறு கல்லா உப்பிக்கிட்டாலோ, ஒடம்பு சுட்டாலோ, பாலே வேணாம்னு தொவண்டு கெடந்தாலோ, என்ன எழுப்பாதீங்க. 108-க்கு அடிங்க. முண்டியம்பாக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி இருக்குது. ‘இரு, கொடலு தட்டிப் பாக்குறேன்’னு எவ வந்தாலும் நிக்காதீங்க, அவ நானா இருந்தாலும்.

ஏவ்... கேட்டீங்களா! எருமக் கன்னு மாதிரி என்னா சத்தம்! அசையாதீங்க, தூங்கட்டும். முதுகுல ஈரமா இருக்குதா? துணி போடச் சொன்னேன்ல.

சொல்லவே மறந்துட்டேன். இன்னும் ரெண்டு மாசத்துல இவன் தன்னால அடங்கிடுவான். அன்னைக்குத் தெருவுல யாரு கேட்டாலும் ‘எங்க பாப்பா ஊட்டு ஆயா தட்டித்தான் நின்னுது’ன்னு சத்தமாச் சொல்லணும். வெத்தல பாக்கு நானே வாங்கிக்கிறேன். கோழி வேணாம், பல்லு இல்ல. அரக்குக் கலர்ல ஒரு சுங்குடிப் பொடவ, கர கொஞ்சம் பெருசாப் பாத்து எடுங்க.