ஆபத்து முடிந்தது, பாந்தவா புறப்படு

நம் ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஓர் ஆபத்பாந்தவன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பெயருக்கு மேலே ‘ஆபத்பாந்தவரே’ என்று போட்டால், ஃபிளக்ஸ் அடிப்பவர் அடுத்த வரியில் ‘அனாதரட்சகரே’ என்பதைத் தானாகவே சேர்த்துவிடுவார். சதுர அடிக்குத்தானே காசு? சொல்லுக்கா கேட்கிறார்கள்?

பாந்தவன் என்றால் உறவுக்காரன். ஆபத்தில் உறவாக வந்து நிற்பவன் ஆபத்பாந்தவன். கடவுளைக் கூப்பிட வைத்திருந்த சொல் இது. முதலை காலைக் கவ்வியபோது யானை கதறியது. கருடன் மேல் ஏறி வந்தார் பெருமாள். முதலையை முடித்தார், போனார். வருவதற்கு முன் நிருபர்களுக்குச் சொல்லியனுப்பவில்லை. யானைக்கு மாலை போட்டு நிழற்படம் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மனிதர்கள் கைக்கு வந்ததும் சொல் சுருங்கிவிட்டது. உழைத்துக் காப்பாற்றியவனுக்கு அதில் முதல் பாதிதான் விதி: ஆபத்து இருக்கும்வரை பாந்தவம். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார் நான் யார் என்று நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான்.

உத்தரகாண்டில் சில்க்யாரா என்று ஓர் இடம். 2023 நவம்பர் 12, தீபாவளி விடிகாலை. சார்தாம் சாலைத் திட்டத்துக்காகக் குடைந்துகொண்டிருந்த நாலரை கிலோமீட்டர் சுரங்கத்தில் மண் சரிந்தது. உள்ளே 41 தொழிலாளர்கள். 2018 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை இந்தச் சுரங்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது, ‘தப்பிக்கும் பாதையுடன் கூடிய’ என்றே அறிவித்தது. திட்டச் செலவு 1,383 கோடி ரூபாய். மண் சரிந்த அன்று அந்த 41 பேருக்குத் தப்பிக்கப் பாதை இல்லை. அறிவிப்பில் இருந்தது. மலைக்குள் இல்லை.

பிறகு வந்தார்கள் பாருங்கள். மத்திய அரசு வந்தது, மாநில அரசு வந்தது, ராணுவம் வந்தது. அமெரிக்காவில் செய்த ஆகர் என்ற துளையிடும் இயந்திரம் விமானத்தில் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சுரங்க நிபுணர் வந்தார். வேலை நடக்கும்போது அகற்றப்பட்ட உள்ளூர் சாமி, சுரங்க வாசலில் சின்னக் கோயிலாகத் திரும்பி வந்தார். நிபுணரும் அங்கே மண்டியிட்டுக் கும்பிட்டார். (அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏற்பாடுகளை நேரில் பார்த்தவர்.) இன்று மாலை மீட்பு, நாளைக் காலை மீட்பு என்று சானல்கள் தினமும் நேரம் குறித்துக்கொடுத்தன. இலக்குக்குச் சில மீட்டர் இருக்கும்போது ஆகரின் அலகு குழாய்க்குள்ளேயே முறிந்து சிக்கிக்கொண்டது. சிக்கியதை வெட்டி எடுக்க ஹைதராபாத்திலிருந்து வேறொரு இயந்திரம் வந்தது. மீட்க வந்த இயந்திரத்துக்கே ஒரு மீட்புப் பணி!

எல்லாம் தோற்ற பிறகுதான் 12 பேர் நினைவுக்கு வந்தார்கள். எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள். மேகாலயாவில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடை செய்த அதே முறையில் மண் தோண்டத் தெரிந்தவர்கள். டெல்லியில் குழாய் பதிக்க மண் குடைந்து வயிறு கழுவுகிறவர்கள். ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுள்ள குழாய்க்குள் மாறி மாறி இறங்கினார்கள். ஒருவர் கையால் தோண்ட, இன்னொருவர் மண்ணை அள்ள, வெளியே இருப்பவர்கள் இழுத்தார்கள். கடைசி 12 மீட்டரை ஒரு நாளும் கொஞ்ச நேரமும் சேர்ந்ததற்குள் முடித்துவிட்டார்கள். நவம்பர் 28 இரவு, 17ஆவது நாள், 41 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

வெளியே மாலையோடு காத்திருந்தவர்கள் முதலமைச்சரும் ஒரு மத்திய இணையமைச்சரும். தோண்டியவர்களின் நகத்தில் மண். வரவேற்றவர்களின் கையில் சாமந்தி. மறுநாள் பத்திரிகைகளில் எந்தப் படம் பெரிதாக வந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

தோண்டியவர்களுக்கும் செய்தார்கள். டிசம்பரில் கூப்பிட்டு ஆளுக்கு 50,000 ரூபாய் காசோலை கொடுத்தார்கள். 12 பேருக்கும் சேர்த்து ஆறு லட்சம். 1,383 கோடியில் இது எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடாதீர்கள். கால்குலேட்டரில் பூஜ்யங்கள் வந்துகொண்டே இருக்கும்.

வடக்கில்தான் இப்படி என்று நாம் நெஞ்சை நிமிர்த்தவும் வழியில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது தெருவுக்குள் படகை ஓட்டி வந்து மாடியிலிருந்து நம்மை இறக்கியவர்கள் மீனவர்கள். அந்த நாட்களில்தான், யாரோ கொடுத்த நிவாரணப் பொட்டலத்தின் மீது ஸ்டிக்கர் ஒட்டப்பட்ட கதையும் நடந்தது. அரிசி ஊரார் வீட்டது, முகம் ஆட்சியில் இருந்தவரது. 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலை ஓரம் அதே மீனவ மக்களின் மீன் கடைகள் அகற்றப்பட்டன. காரணம், ஆக்கிரமிப்பு. காருக்கு இடைஞ்சல். படகு வேண்டியிருந்தபோது அண்ணன். கார் ஓடத் தொடங்கியதும் ஆக்கிரமிப்பாளன். ஒட்டிய ஸ்டிக்கரை ஆக்கிரமிப்பு என்று எவரும் நோட்டீஸ் விடவில்லை.

மறுபடியும் அந்த 12 பேருக்கு வருவோம். அவர்களில் ஒருவருக்கு டெல்லி கஜூரி காஸ் பகுதியில் ஒரு வீடு இருந்தது. 2024 பிப்ரவரி 28 அன்று டெல்லி வளர்ச்சி ஆணையம் அதை இடித்துத் தள்ளியது. 41 பேர் வெளியே வந்து சரியாக மூன்று மாதம். காரணம்? அதே சொல்தான். ஆக்கிரமிப்பு. இடிக்கும்போது அவர் யாரென்று தங்களுக்குத் தெரியாது என்றது ஆணையம். நவம்பரில் நாடே டிவியில் பார்த்துக் கைதட்டிய ஆள். தெரிந்த பிறகு, நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் ஒரு வீடு தருவதாகச் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றார்.

அன்றிரவு அந்தக் குடும்பம் படுத்தது நடைபாதையில்.