பத்மினிக்கு இடது கண் துடிக்கவில்லை

எங்கள் வீட்டில் பத்மினி என்றால் வண்டி. 1978ஆம் வருடத்து பிரீமியர் பத்மினி. அப்பா பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து எடுத்தது. தில்லானா மோகனாம்பாள் பத்மினியின் பெயரைத்தான் வண்டிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். அது ராஜபுத்திர ராணியின் பெயர் என்று காலேஜில் படிக்கும்போது நான் அவரிடம் சொன்னேன். நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தப் பத்மினிக்குப் போன ஆயுத பூஜைக்கு மறுநாள் இடது கண் துடிப்பது நின்றுபோனது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் டேஷ்போர்டில் சின்ன விளக்கு எரியும், எரிந்துகொண்டே இருக்கும். டிக் டிக் சத்தம் கிடையாது. வலது பக்கம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் சிமிட்டியது. "பொம்பளைங்களுக்கு இடது கண் துடிச்சாத்தான் நல்லது" என்று மாமியார் கவலைப்பட்டார். பம்பாயில் டாக்சியாக ஓடிய கடைசி பத்மினிகளையே 2023 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள் என்று பேப்பரில் படித்ததை என் மனைவி ஞாபகப்படுத்தினாள். அதில் இருந்த குறிப்பு எனக்குப் புரியாமல் இல்லை.

நான் ஆடிட் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன். அடுத்தவன் செய்த தப்பை மூன்று லெட்ஜர் தள்ளியிருந்தாலும் கண்டுபிடிப்பேன். ஒரு பல்பு எந்த மூலைக்கு? மெக்கானிக்கெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் பல்பைக் கழற்றிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஹோல்டரை உப்புத்தாளால் தேய்த்தேன். ஃபியூஸ் கிளிப்பையும் தேய்த்தேன். ஒரு திருகு உருண்டு சாக்கடைக்குள் போனது. அது தவிர முன்னேற்றம் எதுவும் இல்லை. சரி, ஃப்ளாஷர்தான் போயிருக்கிறது என்று தீர்ப்பெழுதினேன்.

இந்த ஃப்ளாஷர் என்பது ஒரு குட்டி டப்பா. இந்தக் காலத்து வண்டிகளில் எலக்ட்ரானிக் சமாசாரம். எங்கள் காலத்து வண்டியில் வெறும் சூடுதான். உள்ளே ஒரு தகடு. கரண்ட் பாயும்போது சூடேறி வளையும். வளைந்ததும் தொடுப்பு மாறும், விளக்கு மாறும். ஆறியதும் பழையபடி வந்து ஒட்டும். கோபம் வந்து எழுந்து போவதும், ஆறிவிட்டுத் திரும்பி வந்து சாப்பிட உட்காருவதுமாக நிமிடத்துக்கு அறுபதிலிருந்து நூற்றிருபது முறை. அந்தத் தகட்டின் முணுமுணுப்பைத்தான் டிக் டிக் என்று கேட்கிறோம்.

ஜி.பி. ரோட்டுக்குப் போய் ஒரு ஃப்ளாஷர் வாங்கி வந்து மாட்டினேன். ஊமை. டூப்ளிகேட் என்று கடைக்காரரைச் சபித்துவிட்டு வேறு கடையில் இன்னொன்று. அதுவும் ஊமை. மூன்றாவதை மாட்டிக்கொண்டிருக்கும்போது பத்தாவது படிக்கும் என் பையன் பால்கனியிலிருந்து கேட்டான்: "அப்பா, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஃப்ளாஷர்தானே? அது போயிருந்தா வலது பக்கம் எப்படி எரியும்?"

இந்தக் கேள்வியை அவன் முதல் ஃப்ளாஷருக்கு முன்பே கேட்டிருக்கலாம். படிக்கிற வேலையைப் பார் என்று அதட்டிவிட்டு மூன்றாவதையும் மாட்டி முடித்தேன். இப்போது மூன்றும் ஷோகேஸில் இருக்கின்றன.

அடுத்தது எல்.இ.டி. பல்பு. "சும்மா பளிச்சுனு அடிக்கும் சார்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நாலு மூலைக்கும் மாற்றினேன். அதோடு வலது கண்ணும் நின்றது. பழைய பல்பு ஒவ்வொன்றும் 21 வாட். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆக 42 வாட். 12 வோல்ட் பேட்டரியில் மூன்றரை ஆம்பியர் இழுக்கும். அந்த மூன்றரை ஆம்பியர் பாய்ந்தால்தான் ஃப்ளாஷருக்குச் சூடு ஏறும், கோபம் வரும். எல்.இ.டி. இழுப்பதோ கொசுக்கடி. அதற்கெல்லாம் எங்கள் ஃப்ளாஷர் கோபப்படாது. பழைய பல்புகளைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டினேன். கூட்டிக் கழித்தால் ஒரு வாரச் சாதனை: ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்ததுதான்.

அதற்காக வெளியே போகாமல் இருக்க முடியுமா? கையைக் காட்டி ஓட்டினேன். அந்தக் காலத்து மோரிஸ் மைனரில் கதவுக்குப் பக்கத்துத் தூணிலிருந்து குட்டிக் கை ஒன்று நீட்டிக்கொள்ளும், அதற்கு முன் மனிதர்கள் சொந்தக் கையைத்தான் நீட்டினார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வலது பக்கம் திரும்பக் கையை நீட்டினால் போதும். இடது பக்கத்துக்கு, சாலை விதிப்படி, வலது கையை வெளியே நீட்டிக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். லைசென்ஸ் எடுக்கும்போது படித்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலைத் தாண்டியதும் மொத்த ஜனங்களும் மறந்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

எங்கள் தெருமுனையில் இடது பக்கம் திரும்ப நான் கையைச் சுற்றினேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் தன்னைத்தான் முந்தச் சொல்கிறேன் என்று இடது பக்கமாகவே புகுந்து போனார். பிள்ளையார் கோயில் வாசல் பூக்காரம்மா என்னையே பார்த்துவிட்டு, எழுந்து வந்து, முழங்கையில் அளந்து இரண்டு முழம் மல்லிகையை ஜன்னல் வழியாக மடியில் போட்டார். "ரெண்டு சுத்து சுத்துனியே சாமி, அதான் ரெண்டு முழம்." பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் என் மனைவி பூவை வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று நிஜமாகவே கவலையோடு கேட்டாள்.

கடைசியில் ஆட்டோ எலக்ட்ரிகல் பாயைக் கூப்பிட்டேன். பையில் இருந்தது ஒரு ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் ஒயர், இரண்டு ஒயரோடு ஒரு பல்பு. அதுதான் டெஸ்ட் லேம்ப். பையனை உள்ளே உட்கார்ந்து இடது இண்டிகேட்டரைப் போடச் சொல்லிவிட்டு, பின்னால் போய்க் குனிந்து பார்த்தார்.

"சார், மஞ்சளுக்குப் பதிலா சேப்பு லேசா எரியுது பாருங்க."

பார்த்தேன். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுப் பின்னால் போய் ஒரு வாரமாக நான் எட்டிப் பார்க்கவே இல்லை. சிவப்புப் பின்விளக்கு சாம்பிராணித் தணல் மாதிரி மினுங்கியது.

"கரண்ட் போறதுக்கு வழி இருக்கு சார், திரும்பறதுக்கு வழி இல்ல. அதான் அடுத்த வீட்டு வழியா பூந்து போவுது. எர்த்து இல்ல."

பழைய வண்டியில் கரண்ட் திரும்பி வருவதற்குத் தனி ஒயர் கிடையாது. வண்டியின் பாடியே திரும்புகிற வழி. விளக்கின் அடித்தகடு பாடியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பாய் ஒரு ஒயரின் முனையை பம்பர் போல்டில் வைத்து, மறுமுனையால் விளக்கின் தகட்டைத் தொட்டார். டிக் டிக் டிக் டிக். விளக்கைக் கழற்றினார். அடியில் இரும்பே தெரியவில்லை. கறுப்பாக, வழவழவென்று, இரண்டு கோட்டிங் பெயிண்ட்.

"யாரு சார் இங்க பெயிண்ட் அடிச்சது?"

"யாரோ பெயிண்டர்..." என்று ஆரம்பித்தேன்.

"இவருதான் பாய்" என்றாள் என் மனைவி, காபியோடு வந்தவள். "பூஜைக்கு முதல் நாள், துரு பிடிக்குதுன்னு. கேட்டுக்கு அடிச்ச மிச்ச பெயிண்ட். எதுக்குங்க அங்கெல்லாம் பூசறீங்கன்னு அப்பவே கேட்டேன்."

வலது பக்கம் வருவதற்குள் டப்பா தீர்ந்துவிட்டது. இல்லாவிட்டால் அந்தக் கண்ணும் அன்றைக்கே போயிருக்கும்.

பாய் ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெற்றிப் பொட்டு அளவுக்குச் சுரண்டினார். வெள்ளியாக இரும்பு எட்டிப் பார்த்தது. விளக்கை வைத்துத் திருகினார். "சுரண்டினதுக்கு என்ன காசு சார்" என்று காபியை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அன்று சாயங்காலமே பத்மினியை எடுத்தேன். தெருமுனையில் இடது இண்டிகேட்டரைத் தட்டினேன். டிக் டிக் என்று காதுக்குக் குளிர்ச்சியாகச் சத்தம். கேட்டுக்கொண்டே வந்தவன், பழக்கதோஷத்தில் வலது கை தானாக வெளியே போய்ச் சுற்றுவதைக் கவனிக்கவில்லை. பூக்காரம்மா முழம் போட ஆரம்பித்திருந்தார்.