மனை, பஸ், எலுமிச்சை

எலுமிச்சைத் தோப்பையெல்லாம் மனை போட்டுவிட்டால், 'எலுமிச்சை நகரம்' என்ற நம் பெயர் என்ன ஆகும்?
(வாசகர், புளியங்குடி)

பெயர் எங்கே போகும்? மனைப்பிரிவுக்கே 'லெமன் கார்டன்' என்று வைத்துவிடுவார்கள்!

வாங்குகிறவர் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு நகர் ஊரமைப்புத் துறை அனுமதி எண்ணைப் பார்க்கட்டும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, பத்திர அலுவலக வாசலில் விழித்தவர்கள் மனை விற்றவர்கள் அல்ல, வாங்கியவர்கள்.

'பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம்' என்று விளம்பரம் செய்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். எந்த வண்டியில், ராத்திரி எத்தனை மணிக்கு என்று கேட்டீர்களா?

மனையில் மிச்சம் பிடித்ததைப் பெட்ரோல் பங்கில் தவணையாகக் கட்டுகிறோம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த பஸ் மனைப்பிரிவுப் பக்கம் வந்தால்தானே ஏற முடியும்?

நம்ம ஊருக்கு ரயில் உண்டா, இல்லையா?

உண்டு, பாம்பகோவில் சந்தையில் நிற்கிறது. அங்கே போய்ச் சேரத்தான் வண்டி வேண்டும்.

லக்சம்பர்க் நாட்டில் 2020 முதல் பஸ், டிராம், ரயில் எல்லாமே இலவசமாமே! குடியேறிவிடலாமா?

தாராளமாக. அங்கே வீட்டு விலையைக் கேட்டதும் பஸ்ஸிலேயே குடியிருந்துவிடலாம் என்று தோன்றும்.