பிக்கப் இயல்

ஆங்கில வினையோடு ஒரு குட்டி ஒட்டு சேர்ந்து பொருளையே புரட்டிப்போடுவதுதான் அயலாரைப் பெரிதும் திணறடிக்கும் என்று, 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் எச்சரித்துவிட்டார். அவருக்கு நம்மூர் மெக்கானிக்கைத் தெரியாது.

முதலில் புணர்ச்சி. தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது நன்னூல் விதி. கல்லும் எறியும் சேர்ந்து கல்லெறி ஆவதுபோல, பிக்கும் அப்பும் சேர்ந்து பிக்கப். செட்டப்பும் அவ்வாறே. 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தியார் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். தகராறு மேக்கப்பில்தான். 'மே' நெடில் என்பதால் விதிப்படி 'மேகப்' என்றே வரவேண்டும். ஆனால் இரண்டு உயிருக்கு நடுவே அகப்பட்ட ஒற்றைக் ககரம் நம் வாயில் மெலிந்துவிடும். வல்லோசையைக் காப்பாற்ற இன்னொரு 'க்' பூசவேண்டியதாயிற்று.

அடுத்து சொல்வகை. ஆங்கிலத்தில் வினையாகத் திரிந்தது தமிழில் பெயராக அடங்கிவிட்டது. வினையின் வேலையைப் 'பண்ணு'வும் 'ஆகு'வும் பார்த்துக்கொள்கின்றன. "பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து பிக்கப் பண்ணிடு" என்றால் செயப்படுபொருள் குன்றாவினை. "ஆடி முடியட்டும், வியாபாரம் பிக்கப் ஆயிடும்" என்றால் குன்றியவினை. ஆங்கிலேயர் இரு சொல்லுக்கும் நடுவில் பாப்பாவையே செருகுவார்கள். நாம் அவ்வளவு தூரம் போவதில்லை.

பொருள்வகையில் தலையாயது வண்டியின் பிக்கப். மெக்கானிக் ஆக்சிலேட்டரை இரண்டு முறுக்கு முறுக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டு, "பிக்கப் கம்மியா இருக்கு சார், ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும், பிளக்கையும் பாத்துரலாம்" என்பார். இது பண்புப்பெயர். ஆகவே இருக்கும், இல்லாமலும் போகும், செலவு மட்டும் நிச்சயம். சினிமா பிக்கப்புக்கு எதிர்காலம் மட்டுமே உண்டு: "இன்டர்வெல்லுக்கு அப்புறம் பிக்கப் ஆயிடும் பாரு." சரக்கேற்றும் தொழிலின் பெயர் வண்டிக்கே ஆகிவந்த பிக்கப் வேன், தொழிலாகுபெயர்.

காதல் பிக்கப்பை உரையாசிரியர்கள் இடக்கரடக்கல் கருதி விட்டிருப்பார்கள். நாமும் விடலாம், அதன் எதிர்ச்சொல் மட்டும் இல்லாதிருந்தால். பள்ளிப் பிக்கப்புக்கு எதிர் டிராப், வியாபாரப் பிக்கப்புக்கு எதிர் டல். காதலில் மட்டும் எதிர்ச்சொல்லும் அதே 'அப்'பில் முடிகிறது: பிரேக்கப். இங்கும் நெடிலுக்குப் பின் ககரம் விதியை மீறி இரட்டித்திருப்பது காண்க.