ஏ6 என்னும் நகர்வின் மானம்: ஓர் ஆராய்ச்சி

சதுரங்கத்தில் ஒரு கட்டம் நகரும் சிப்பாய்க்கு எவ்வளவு மரியாதை உண்டு? முன்னோர் இவ்வினாவை உரியவாறு ஆராயாது விட்டமையின் யாம் ஆராயலுற்றோம்.

சான்று: 1980, ஸ்வீடனின் ஸ்காரா நகரம், ஐரோப்பிய அணிகள் சாம்பியன்ஷிப். வெள்ளைக்கு உலக சாம்பியன் அனதோலி கார்ப்போவ். கறுப்புக்கு இங்கிலாந்தின் டோனி மைல்ஸ். கார்ப்போவ் இ4 ஆடினார். மைல்ஸ் ஓரத்துச் சிப்பாயை ஒரே கட்டம் தள்ளி ஏ6 என்றார். அரங்கில் சிரிப்பு எழுந்ததாக அவரே பிற்பாடு சொன்னார். அடுத்து டி4, பி5. மையம் முழுதும் எதிராளிக்குத் தாரை வார்க்கப்பட்டது.

நகைப்பிற்குக் காரணம் யாது? நகர்வே மட்டம் என்பார் பூர்வபட்சத்தார். அற்றன்று. ரூய் லோபஸ் என்னும் தொடக்க ஆட்டத்தில் இதே ஏ6 கறுப்பின் மூன்றாம் நகர்வாக வருகிறது. அதற்குச் சதுரங்க மேதை மார்ஃபியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். சிசிலியன் நஜ்டார்ஃப் என்னும் தொடக்க ஆட்டத்தில் ஐந்தாவதாக வருகிறது. முன்னாள் உலக சாம்பியன் ஃபிஷர் விரும்பி ஆடினார், எவரும் சிரிக்கவில்லை. ஆகவே குற்றம் கட்டத்தில் இல்லை, வரிசை எண்ணில் இருக்கிறது என்பது எம் துணிபு. பந்தியில் உட்கார்ந்ததும் மோர் கேட்பவனை ஊரே திரும்பிப் பார்க்கிறது. மோர் புளித்துவிட்டது என்றா அதற்குப் பொருள்?

'வள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்தாரே' எனின், மைல்ஸ் காலம் அறிந்தே செய்தார் என்க. கார்ப்போவ் தொடக்க ஆட்டத்துக்குச் செய்திருந்த தயாரிப்பில் பெரும்பகுதி முதல் நகர்விலேயே வேலையற்றுப் போயிற்று.

24ஆம் நகர்வில் கறுப்பு ராணி பி2 சிப்பாயை வெட்டியது, மறு நகர்வில் இ5 சிப்பாயை. 46 நகர்வுகளில் உலக சாம்பியன் தோற்றார். சிரிப்பு எத்தனையாவது நகர்வில் நின்றது என்பதே ஆய்வுக்கு இன்றியமையாத தரவு. ஆட்டத்தாளில் நகர்வுகளைத்தான் எழுதச் சொல்கிறார்கள், சிரிப்பை அல்ல.

வென்றதால் ஏ6 உத்தமமாகிவிட்டதா? இல்லை. செயின்ட் ஜார்ஜ் தற்காப்பு என்றும், மைல்ஸின் ஊரை ஒட்டிப் பர்மிங்காம் தற்காப்பு என்றும் பெயர் கிடைத்தது. முன்னணி ஆட்டக்காரர்கள் அதை அரிதாகவே தொடுகிறார்கள்.

ஒரு துணைச்சான்று: 1985இல் டில்பர்க் போட்டியில் மைல்ஸ் முதுகுவலியால் மசாஜ் மேசையில் குப்புறப் படுத்து ஆடி, முதலிடத்தை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார். எதிராளிகள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். படுக்கைக்காவது ஆட்சேபம் சொல்ல முடிந்தது. ஏ6ஐ ஆட்சேபிக்க விதிப்புத்தகத்தில் இடமே இல்லை.